வயலினுக்கு மியூட் போட்டேன், ஊர் வாய்க்கு எதைப் போடுவது?

வில்லும்நாணும் (இழையைத் தொடங்கியவர்)

இத்தனை நாள் நீங்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். இன்று கேட்கிறேன்.

எனக்கு 46 வயது. போன வருடம் வயலின் வாங்கினேன். சின்ன வயதுக் கனவு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எங்கேயோ காதில் விழுந்த ஒரு வாசிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வாரம் ஒருநாள் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் சாதகம். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, தந்திகளைத் தாங்கும் குதிரை மேல் சத்தத்தை அடக்கும் கனமான ரப்பர் மியூட்டை மாட்டிக்கொண்டு வாசிப்பேன். அப்படியும் ஒருநாள் வீட்டுக்கு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்று, "பூனை ஏதாவது வளர்க்கிறீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு வயலினைப் பெட்டியில் வைத்து அலமாரி மேல் ஏற்றியவள்தான், ஐந்து மாதமாக இறக்கவில்லை. ஆசிரியரிடம் மணிக்கட்டு வலி என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

அவள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை, அது எனக்கும் தெரியும். நாலு பேர் சொல்வதைக் காதில் வாங்காதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாங்காமல் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. இதைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

---

சும்மாதான்

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எடுத்து வாசியுங்கள். யார் என்ன சொன்னால் நமக்கென்ன?

---

ராத்திரிப்பறவை

சும்மாதான், அவர் கேட்டதே "எப்படி" என்று. நீங்கள் திரும்பவும் "என்ன" என்பதையே சொல்கிறீர்கள். தூக்கம் வராதவரிடம் "தூங்குங்கள்" என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

---

எட்டாம்பக்கம்

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. ஒரு மாணவரிடம் பாரி மேனிலோ என்ற பாடகரின் முகம் அச்சிட்ட டி-சட்டையைக் கொடுத்து, போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குள் போகச் சொன்னார்கள். அந்த வயதுக்காரர்கள் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிற சட்டை. உள்ளே மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே கூப்பிட்டு, "உங்கள் சட்டையில் யார் இருந்தார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிகூட இல்லை.

நம் மேல் ஒரு விளக்கு அடித்துக்கொண்டே இருப்பதாக நமக்கு ஒரு பிரமை. அடுத்தவருக்கும் தன் மேல் அதே விளக்கு. அவர் தன் சட்டையைப் பற்றிய கவலையில் இருக்கிறார்.

---

பின்வரிசை

நல்ல சோதனைதான். ஆனால் டி-சட்டை கத்தாதே. வயலின் கத்துமே!

---

எட்டாம்பக்கம்

சிரித்துவிட்டேன். நியாயமான கேள்வி, பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: கால்வாசி என்பது பூஜ்யம் இல்லை. யாருமே பார்க்கவில்லை என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. நாம் நினைப்பதில் பாதிதான் என்கிறது.

---

பழைய_பென்சில்

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். ஒளிந்து பழகுவது தப்பே இல்லை என்பது என் கட்சி.

1969ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தார். நேர் பாதை ஒன்று, நடுவில் திரும்ப வேண்டிய சிக்கலான பாதை ஒன்று. பக்கத்தில் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்பூச்சிகளைப் பார்வையாளர்களாக வைத்தார். (ஆமாம், கரப்பான்பூச்சிக்குக் கரப்பான்பூச்சி ரசிகர்கள்.) ரசிகர்கள் இருந்தபோது நேர் பாதையில் ஓடியவை இன்னும் வேகமாக ஓடின. சிக்கலான பாதையில் ஓடியவை இன்னும் தாமதமாயின. நன்றாகப் பழகிய வேலையை யாராவது பார்த்தால் அது கூர்மையாகிறது. பழகாத வேலையை யாராவது பார்த்தால் அது குழறுகிறது.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 1982ல் வெளியான ஓர் ஆய்வு. மேசைக் கோல்பந்து (பில்லியர்ட்ஸ் மாதிரி) ஆடுகிறவர்களை முதலில் தூரத்திலிருந்து அவர்களுக்குத் தெரியாமல் கணக்கெடுத்தார்கள். பிறகு பார்வையாளர்கள் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். நல்ல ஆட்டக்காரர்களின் குறி 71 சதவீதத்திலிருந்து 80க்கு ஏறியது. சுமாரானவர்களுடையது 36லிருந்து 25க்கு இறங்கியது. வந்து நின்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நாலு பேர்! கதை விடவில்லை, நாலே பேர்தான்.

அதனால் அக்கா, முதல் வருடத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். விதையை மண்ணுக்குள்தான் வைக்கிறோம்.

---

வில்லும்நாணும்

நாலு பேர் கணக்கைப் படித்துவிட்டுக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கும் சிரிப்பு.

ஆனால் ஒரு விஷயம். மியூட் போடக்கூடாது என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லியிருந்தார். அது குதிரையின் அதிர்வைப் பிடித்துக்கொள்கிறது, வயலினின் வயிறு சரியாக அதிராது. வில் சாய்ந்து போனாலும், அழுத்தம் ஏறி இறங்கினாலும் எல்லாம் ஒரே முனகலாகத்தான் கேட்கும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று நான் போட்டது, என் தப்பு எனக்கே கேட்காமல் செய்துவிட்டது. எழுதும்போதுதான் உறைக்கிறது.

---

ராத்திரிப்பறவை

பழைய_பென்சிலுடன் இங்கேதான் மோத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருந்தது வெறும் கூச்சம் இல்லை. நாலு பேர் முன்னால் தண்ணீர் குடிக்க முடியாது. கை நடுங்கும், அவர்கள் பார்ப்பார்கள் என்ற பயம். மருத்துவ மொழியில் அதற்குச் சமூகப் பதற்றக் கோளாறு என்று பெயர். ஏழு வருடம் அதனோடு வாழ்ந்துவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போனேன்.

அங்கே முதலில் கற்றது ஒரு வார்த்தை: பாதுகாப்புப் பழக்கம். நடுக்கம் தெரியாமலிருக்க நான் கிளாஸை இறுக்கிப் பிடிப்பேன். இறுக்கிப் பிடித்தால் கை இன்னும் நடுங்கும்! பேசும் முன் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். அதனால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. அவர் கண்ணுக்கு நான் ஆர்வமில்லாத ஆளாகத் தெரிவேன். காப்பாற்றிக்கொள்ளச் செய்ததெல்லாம் நான் பயந்ததையே கொண்டுவந்து சேர்த்தது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இருவர் 1995ல் இந்தச் சுழலைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். எனக்குத் தந்த சிகிச்சை அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு நாள் என்னைப் பேசவைத்துப் படம் பிடித்தார்கள். பார்ப்பதற்கு முன்னால், "கை எவ்வளவு நடுங்கியிருக்கும், காட்டுங்கள்" என்றார் சிகிச்சையாளர். நான் காற்றில் ஒரு முழம் ஆட்டிக் காட்டினேன். படத்தில் அப்படி எதுவுமில்லை. கொஞ்சம் நடுங்கியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தலைக்குள் ஓடிய படத்தில் இருந்த ஆளும் இந்த ஆளும் ஒன்றில்லை. என்னை நானே வெளியிலிருந்து பார்ப்பதாக அத்தனை வருடம் நினைத்திருக்கிறேன், பார்த்ததெல்லாம் என் பயத்தைத்தான்.

அக்கா, உங்கள் மியூட்டும் மின்விசிறியும் நான் இறுக்கிப் பிடித்த கிளாஸ் மாதிரிதான் எனக்குத் தெரிகின்றன.

---

பழைய_பென்சில்

மோதல் வேண்டாம், பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா மறைவும் ஒன்றா? நான் மூன்று வருடம் யாருக்கும் காட்டாமல் கோட்டோவியம் போட்டேன். அந்த மூன்று வருடம் இல்லாவிட்டால் கையே வந்திருக்காது.

---

ராத்திரிப்பறவை

மூன்று வருடத்துக்குப் பிறகு காட்டினீர்கள் அல்லவா?

---

பழைய_பென்சில்

காட்டினேன். சரி, புரிகிறது. முடியும் தேதி உள்ள மறைவு, தேதியே இல்லாத மறைவு. இரண்டும் வேறுதான்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன்: மறைவிலும் வேலை நடக்க வேண்டும். அலமாரி மேலே இருக்கும் வயலின் எந்த வகையிலும் சேராது. மன்னிக்கவும் அக்கா.

---

வில்லும்நாணும்

மன்னிப்பு எதற்கு, உண்மைதானே.

---

சும்மாதான்

முதல் நாள் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இப்போது ஒன்று தோன்றுகிறது. "இன்ன தேதிக்குள் இந்தப் பாட்டை வாசிப்பேன்" என்று எல்லாருக்கும் அறிவித்துவிடுங்கள். சொன்ன சொல்லுக்காகவாவது செய்துதானே ஆக வேண்டும்?

---

எட்டாம்பக்கம்

அது திருப்பி அடிக்கலாம். பீட்டர் கோல்விட்சர் குழு 2009ல் சட்ட மாணவர்களை வைத்துப் பார்த்தது. நல்ல வழக்கறிஞராக என்ன செய்யப்போகிறோம் என்று எழுதியவர்களில், எழுதியதை இன்னொருவர் படித்து அறிந்துகொண்டார் என்று தெரிந்தவர்கள், பிறகு கொடுத்த வேலையில் குறைவாகத்தான் உழைத்தார்கள். சொல்லிவிட்டாலே பாதி ஆகிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. எனக்கும் நடந்திருக்கிறது: "ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று பத்துப் பேரிடம் சொன்னேன், மொத்தம் எழுதியது பதினோரு பக்கம்.

ஊருக்கெல்லாம் சொல்வதைவிட ஒரு ஆளிடம் சொல்வது மேல். டார்வின் தன் பரிணாமக் கருத்தை வருடக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்தார். 1844ல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில், இதைச் சொல்வது கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்கிறார். வெளியிட்டது 1859ல். ஊருக்கு வாய் திறப்பதற்குப் பதினைந்து வருடம் முன்பே ஹூக்கரிடம் திறந்துவிட்டார்.

---

பழைய_பென்சில்

ஒரு திருத்தம். டார்வின் பயந்துதான் தாமதித்தார் என்பதை வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. இடையில் கொட்டலசு என்ற கடல் உயிரி மேல் மட்டும் எட்டு வருடம் வேலை செய்தார், 1846லிருந்து 1854 வரை. வேலை முடியாததால் வெளியிடவில்லை என்பவர்களும் உண்டு. கடிதம் என்னவோ உண்மை.

---

பின்வரிசை

இந்த இழையில் எல்லாரும் "யாரும் பார்க்கவில்லை, எல்லாம் பிரமை" என்ற திசையிலேயே போகிறீர்கள். ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது.

நான் இணையத்தில் அறிவியல் கட்டுரைகள் எழுதிவந்தேன், இரவில், என் சொந்த நேரத்தில். அந்த வருட மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேலாளர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நேரம் நிறைய இருக்கும் போலிருக்கே" என்றார். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்லத்தான் செய்தார்கள்.

இது பிரமை இல்லை. சிலருடைய கருத்து நம் பிழைப்பில் கை வைக்கும். அவர்களையும் உங்கள் நாத்தனாரையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி: இவர் என்னைத் தப்பாக நினைத்தால், நினைப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? ஏதாவது செய்ய முடியும் என்றால் அவரிடம் கவனமாக இருப்பேன். கட்டுரைகளை இப்போது புனைபெயரில் எழுதுகிறேன், வெட்கப்பட்டு இல்லை, கணக்குப் பார்த்து. நினைக்க மட்டும்தான் முடியும் என்றால், நினைத்துவிட்டுப் போகட்டும்.

---

ராத்திரிப்பறவை

அந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன்.

நினைக்க மட்டும் முடிகிறவர்களுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் 19 வயதில் பெண்களோடு பேசவே நடுங்குவாராம். நியூயார்க்கில் ஒரு தாவரவியல் பூங்காவில் போய் உட்கார்ந்து, ஒரே மாதத்தில் நூறு பெண்களிடம் வலியப் போய்ப் பேசினார். ஒருவர் மட்டும் சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. நூறும் தோல்விதான், ஆனால் பயம் போய்விட்டது என்று பின்னால் அவரே சொன்னார். வேண்டுமென்றே பொது இடத்தில் அசட்டுத்தனமாக ஏதாவது செய்யவைக்கும் வெட்க ஒழிப்புப் பயிற்சி ஒன்றையும் தன் சிகிச்சையில் சேர்த்தார்.

---

பின்வரிசை

அந்த நூறு பெண்களுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டார்களா?

---

ராத்திரிப்பறவை

கேட்டிருக்க மாட்டார்கள். இன்று யாரும் அதைச் செய்ய வேண்டாம். வெட்கம் ஒழிய இன்னொருவர் நிம்மதியைப் பறிக்க வேண்டியதில்லை.

---

கரையோரன்

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது, என் கதையைச் சொல்கிறேன்.

51 வயதில் நீச்சல் கற்றேன். அதற்கு முன் பத்து வருடம் மகனை வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கரையில் உட்கார்ந்திருந்தவன். இந்தப் பெயரும் அப்படி வந்ததுதான். "நீங்களும் இறங்கலாமே" என்று யாராவது கேட்டால், "எனக்கு இதிலெல்லாம் பெரிய ஆர்வமில்லை" என்பேன். பத்து வருடமும் அதே பதில்.

ஒருநாள் இறங்கினேன். ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சு விடப் பழகுவதுதான் முதல் பாடம். என் இரண்டு பக்கமும் ஆறு வயதுப் பிள்ளைகள். அதில் ஒருத்தி, "மாமா, உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றாள். நான் பத்து வருடமாகப் பயந்த கேள்வி அட்சரம் பிசகாமல் அதேதான். "தெரியாது, நீ காட்டு" என்றேன். காட்டினாள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள்.

கரைக்கு வந்து தலையைத் துவட்டும்போதுதான் புரிந்தது. எனக்கு நீந்தத் தெரியாதது எல்லாருக்கும் முன்பே தெரியும். அதை நான் மறைக்கவே இல்லை. மறைத்தது ஆசையை. "இந்த ஆளுக்கு நீந்த வேண்டும் என்று இருக்கிறது" என்பது தெரிந்துவிடக் கூடாது. தெரியாமலிருந்தால் பெரிய ஆர்வமில்லாத ஆளாகவே மிடுக்காக உட்கார்ந்திருக்கலாம். ஆசைப்பட்டு, அது கைகூடாமல் போய், அதை இன்னொருவர் பார்த்துவிட்டால்? அந்த நிர்வாணம்தான் பயம்.

தங்கையே, பூனை என்று சொன்னதற்காகவா வயலினைத் தூக்கி வைத்தீர்கள்? உங்களுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பது அந்த ஒரு நொடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதாலா? யோசித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் திட்டுங்கள்.

---

வில்லும்நாணும்

திட்டவில்லை அண்ணா. இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

அன்று எல்லாரும் சிரித்தபோது நான் சொன்னது ஞாபகம் வந்தது. "சும்மா பொழுதுபோக்குக்கு வாங்கினேன், விட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அவள் பூனை என்றது ஒரு வாக்கியம். வயலினை விட்டுக்கொடுத்தது என் வாக்கியம். ஐந்து மாதமாக அவள் வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

---

சும்மாதான்

இதைப் படித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முதல் நாள் "யார் என்ன சொன்னால் நமக்கென்ன" என்று எழுதினேனே, அதே ஆள் கல்லூரியில் பாடுவதை விட்டவன். காரணம் வேண்டாம். அப்புறம் பார்க்கலாம்.

---

கரையோரன்

அப்புறம் வேண்டாம், இப்போதே ஒரு வரி பாடுங்கள். யாரும் கேட்கவில்லை.

---

வில்லும்நாணும்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இழை இன்னும் திறந்திருப்பது சந்தோஷம்.

வயலினை இறக்கினேன். தந்தியெல்லாம் தளர்ந்திருந்தது, ஒன்று சுருதி கூட்டும்போது அறுந்தது. ஆசிரியருக்கு அழைத்து மணிக்கட்டில் வலி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். "ஐந்து மாத வலி என்றதுமே நினைத்தேன், செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

பழைய_பென்சிலும் ராத்திரிப்பறவையும் பேசியதை வைத்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முதல் வாரம் மியூட் இல்லாமல் பத்து நிமிடம், ஜன்னல் சாத்தி. இரண்டாம் வாரம் இருபது நிமிடம், மின்விசிறி கிடையாது. இந்த வாரம் ஜன்னல் திறந்திருக்கிறது. முதல் நாள் மியூட்டை எடுத்துவிட்டு வில்லைப் போட்டபோது வந்த சத்தத்தில் நானே பயந்துவிட்டேன். அவள் சொன்னது பொய்யில்லை, பூனையேதான். ஆனால் எங்கே பூனையாகிறது என்பது இப்போது கேட்கிறது: வில்லின் நுனிக்குப் போகும்போது கை சாய்கிறது.

போன ஞாயிறு நாத்தனார் வந்தாள். அவள் அதை எப்போதோ மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. நான் வாசித்து முடித்ததும், "இப்போ பூனைக்குக் கொஞ்சம் வயிறு நிறைஞ்சிருக்கு அண்ணி" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "எனக்கு இது நல்லா வரணும்னு ரொம்ப ஆசை, அதனால இன்னும் ஒரு வருஷம் இந்தப் பூனை கத்தும்" என்றேன். அவள் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, எவ்வளவு நேரம் தினமும் வாசிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

---

ராத்திரிப்பறவை

நல்லது அக்கா. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஒன்று. பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் மனிதர்களையும் தவிர்க்க வைக்கிறது என்றால், இழை படிப்பதோடு நிறுத்தாமல் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். நான் ஏழு வருடம் தாமதித்தேன்.

---

எட்டாம்பக்கம்

பன்னிரண்டாம் பக்கம் எழுதியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. (இது கணக்கில் சேராது.)

---

வில்லும்நாணும்

ஒரே ஒரு சந்தேகம், வயலின் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வில் விரல்பலகைப் பக்கமாக வழுக்கிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

---

பின்வரிசை

நான் சின்ன வயதில் கற்றவள். பக்கவாட்டில் ஒரு கண்ணாடியை வைத்து, வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே நீளமாக இழுங்கள். இடக்கை தந்தியைத் தொட வேண்டாம், வெறும் தந்தி போதும். முதலில் வில்லின் நடுப்பகுதி மட்டும், நுனிக்குப் பிறகு போகலாம்.

---

வில்லும்நாணும்

கண்ணாடி அலமாரிக் கதவில்தான் இருக்கிறது. இன்றைக்கே பார்க்கிறேன்.